சுன்ஜாத்தா காவியம்: வாசிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர்களைத் தப்பாக உச்சரிப்பது பற்றி இங்கே பேசப் போவதில்லை. கேட்கக் கேட்க அது சரியாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தா கெய்த்தாவின் கதையைப் படிக்க வரும் மாணவர்கள், ஒரு காலத்தில் நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அச்சில் வந்ததே மூலம் என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கினி நாட்டு வரலாற்றாசிரியர் ஜிப்ரில் தம்சீர் நியான், மமாது குயாத்தே என்ற ஜெலியிடம் (ஜெலி என்பவர் வழிவழியாகக் கதையும் குலப்பெருமையும் பாடிவரும் பாணர்) கேட்ட கதையை 1960-இல் பிரெஞ்சு உரைநடையில் வெளியிட்டார். அருமையான நூல், அதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அதையே அளவுகோலாக்கி மற்ற ஜெலிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அண்மையில் ஒரு மாணவி, காம்பியாவில் பதிவான ஒரு வடிவத்தை நியானின் நூலோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டு வந்தாள். ஒரு பக்கம் ‘விடுபட்டவை’, மறுபக்கம் ‘இடைச்செருகல்’. சுன்ஜாத்தாவின் தளபதி திராமகானின் பெருமையெல்லாம் இடைச்செருகலில் கிடந்தது. மாண்டிங்கா மக்களை மேற்கே அழைத்து வந்தவர் என்று காம்பியாவில் கொண்டாடப்படுபவர் அவர். அந்த மண்ணில் பாடுகிறவர் அவரை எப்படி விடுவார்?

டோ நாட்டு எருமைக் கதையையும் இப்படித்தான் வெட்டுகிறார்கள். த்ராவோரே குல வேட்டைக்காரச் சகோதரர் இருவர் எருமையைக் கொல்கிறார்கள். ஒருவர் மற்றவரைப் புகழ்ந்து பாடுகிறார். பாடியவர் வழியில் வந்தவர்களே தியாபாத்தே ஜெலிகள் என்பது மரபு. சண்டைக் காட்சிக்கு அவசரப்படும் வாசகருக்கு அது நீளமான கிளைக்கதை. கூட்டத்தில் இருக்கும் தியாபாத்தேக்கோ தன் குலம் பிறந்த இடம். கெய்த்தா, கான்தே, குயாத்தே என்று அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு குலத்துக்கும் கதைக்குள் ஓர் இடம் உண்டு. யார் யாருக்கு என்ன உறவு, என்ன கடன் என்பது அதில்தான் தெரியும். அட்டவணையை எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பாடியவர் யார், எந்த ஊரில், யார் முன்னால்?

‘நாமு’வைத் தாண்டிப் போவது

1968-இல் மாலியின் கீத்தாவில் ஃபா-டிகி சிசோகோ பாடிய வடிவம் மூவாயிரம் அடிகளைத் தாண்டும். அடிக்கடி ஒருவர் ‘நாமு’ (நம் ‘ஆமாம்’ போல) என்று பதில் கொடுத்துக்கொண்டே இருப்பார். கண்ணை ஓட்டிவிட்டுப் போகாமல் அதையும் வாய்விட்டுப் படியுங்கள். ஜெலி எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே வேகமெடுக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபடும்.

1235-ஐ ஜெலியின் வாயில் திணிப்பது

சுன்ஜாத்தா தன் எதிரியை வென்ற கிரினா போருக்கு அந்த ஆண்டைக் கணித்தவர்கள் ஆய்வாளர்கள், ஜெலிகள் அல்ல.

பெண்களை விட்டுவிடுவது

பாட்டுப் பகுதிகளைப் பெரும்பாலும் ஜெலிமுசோக்களே, அதாவது பெண் ஜெலிகளே, பாடுகிறார்கள். அவர்களைக் கேட்காமல் கட்டுரை எழுதாதீர்கள்.

கேலா ஜெலிகளிடம் பதிவு கேட்டுக் கெஞ்சுவது

மாலியின் காங்கபா ஊரில் உள்ள கமாபுலோன் என்ற புனிதக் குடிலுக்கு 7 ஆண்டுக்கு ஒருமுறை கூரை மாற்றும்போது, கேலா ஊர் தியாபாத்தேக்கள் உள்ளே அமர்ந்து காவியம் சொல்வார்கள். பதிவு செய்ய அனுமதியில்லை. கருவியைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.