ரவுண்டில் 2 தசமம் போதுமா?

கடலூர் சிப்காட்டில் ஒரு வேலைக்கு, தண்ணீர்க் குழாய்க் கணக்கை எக்செலில் போட்டுக்கொண்டிருந்தேன். உள்விட்டம் 100 மி.மீ. என்றால் பரப்பு 0.007854 சதுர மீட்டர். வழக்கம்போல, எண்ணைச் சுருக்கும் ரவுண்ட் (ROUND) ஃபங்ஷனில் 2 தசமம் கொடுத்தேன், 0.01 ஆகிவிட்டது. வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் வினாடிக்கு 11.8 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 15 லிட்டர்! நல்லவேளை, பம்ப்புக்கு ஆர்டர் போகவில்லை.

3 முக்கிய எண்ணுருக்கள் (முன்னால் வரும் பூஜ்யங்களை விட்டு எண்ணும் இலக்கங்கள்) வேண்டுமென்றால், தசம இடத்தை எக்செலே கண்டுபிடிக்கட்டும். ஏபிஎஸ் (ABS) போட்டுக் குறியை நீக்கி, லாக்10 (LOG10) எடுத்து, அதைக் கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்க இன்ட் (INT) போடுங்கள். இங்கே -3 வரும். 2-இலிருந்து (3-க்கு ஒன்று குறைவு) அதைக் கழித்தால் 5. அதை ரவுண்டுக்குக் கொடுத்தால் 0.00785. இதே வழியில் 12,345 என்பது 12,300 ஆகும். பூஜ்யத்துக்கு மட்டும் பிழை காட்டும், அதை இஃப் (IF) போட்டு விலக்கிவிடுங்கள். அப்புறம், இதைக் கடைசி விடையில் மட்டும் செய்யுங்கள். நடுக்கணக்கில் கை வைக்காதீர்கள்.