நாய்க்குட்டி வாயில் செருப்பு: பிடுங்காமல் வாங்குவது எப்படி?

குட்டி செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. வீடே பின்னால் துரத்துகிறது. குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேறென்ன வேண்டும்? நாளைக்கும் செருப்பைத்தான் எடுக்கும். வாயைப் பிளந்து பிடுங்கினால் இன்னும் மோசம். கை நீண்டாலே உறுமவோ அவசரமாக விழுங்கவோ பழகிவிடும்.

சுமார் மூன்று மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அப்போது எதையாவது கடிக்கத்தான் செய்யும். அதற்கென்று கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்று வாங்கிப் போடுங்கள், செருப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். அப்புறம் இரண்டு சொற்களைப் பழக்கலாம்: வாயில் இருப்பதை விட்டுவிட ‘கொடு’, எடுக்காமல் இருக்க ‘வேணாம்’. வீட்டில் எல்லோரும் இதையே சொல்ல வேண்டும். தாத்தா ‘சீ’ என்று, பிள்ளைகள் ‘நோ’ என்று கத்தினால் அதற்கு எல்லாமே வெறும் சத்தம்தான்.

உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘கொடு’

1. செருப்பில் தொடங்காதீர்கள். பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது கறித்துண்டை மூக்கருகே கொண்டுபோங்கள்.

2. வாய் திறக்கும் அந்த நொடியில் ‘கொடு’ என்று சொல்லி, கறியைக் கொடுங்கள். அது தின்னும்போது பொம்மையை எடுங்கள்.

3. பொம்மையைத் திருப்பிக் கொடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கொடுத்தால் கறியும் கிடைக்கும், பொம்மையும் திரும்பி வரும் என்று தெரிந்த குட்டி எதற்கு ஓடி ஒளிய வேண்டும்?

4. சில நாளில் சொல்லை முதலில் சொல்லுங்கள்; கறி பையிலேயே இருக்கட்டும். விட்ட பிறகு எடுத்துக் கொடுங்கள். எப்போதும் முன்னாலேயே காட்டினால் அது லஞ்சம். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குட்டி முடிவெடுக்கும்.

‘வேணாம்’

கறித்துண்டை உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். நக்கும், பிறாண்டும். பேசாமல் இருங்கள். சலித்து மூக்கை விலக்கியதும் ‘சரி’ என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை மட்டும் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் ‘வேணாம்’ என்பது ‘கொஞ்சம் பொறு’ என்றாகிவிடும். கை நீட்டினாலே விலக ஆரம்பித்ததும் ‘வேணாம்’ என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு விரித்த கை, அடுத்து தரையில் வைத்த துண்டு (பாய்ந்தால் காலால் மறைக்கலாம்), கடைசியாகக் கயிற்றோடு தெருவில். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும்.

தெருவில் பிரியாணிக் கடைப் பக்கம் கிடக்கும் கோழி எலும்புதான் பெரிய சோதனை. வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தலாம். குட்டி கவ்விவிட்டது, ‘கொடு’ என்றும் விடவில்லையா? கத்தாமல் ஒரு கைப்பிடி கறியைத் தரையில் இறையுங்கள். பெரும்பாலும் எலும்பைப் போட்டுவிட்டுப் பொறுக்க வரும்.

சாக்லேட், உலர் திராட்சை, மாத்திரை, எலி மருந்து போன்றவற்றை நம்பிக் கீழே வைக்காதீர்கள். பழக்கிய நாய்க்கும் ஆசை வரும். விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அட்டையையோ பாக்கெட்டையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.