வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்க: அக்கம்பக்கத்தில் ஓர் உதவிக்குழு அமைப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி நாலு வீடு இருக்கும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். அம்மாவோ அப்பாவோ மட்டும் இங்கே. கூட வந்து இருங்கள் என்று கூப்பிட்டால் பத்து நாள் போய் இருந்துவிட்டு, "அங்க பேச்சுத்துணைக்குக் கூட ஆள் இல்ல" என்று நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறித் திரும்பிவிடுவார்கள். இவர்களுக்கு முதியோர் இல்லமும் தேவையில்லை, முழுநேர நர்ஸும் தேவையில்லை. சிலிண்டர் மாட்ட, பல்பு மாற்ற, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்வர ஓர் ஆள் வேண்டும். காலையில் கதவு திறந்ததா என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

இதை அக்கம்பக்கத்தாரே சேர்ந்து செய்யலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பீக்கன் ஹில் பகுதியில் வயதானவர்களே கூடி 2002-இல் இப்படி ஓர் அமைப்பை நடத்தத் தொடங்கினார்கள். ஆண்டுச் சந்தா கட்டியவருக்கு ஒரு போன் போட்டால் உதவி வரும். நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் ஆரம்பித்த வலி தணிப்புச் சிகிச்சை முயற்சியிலிருந்து கிளைத்து, மலப்புறம் பக்கமெல்லாம் உள்ளூர்த் தொண்டர்கள் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். சந்தா முறை நம் ஊருக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. கட்டியவர் அதிகாரம் பண்ணுவார், கட்டாதவர் கேட்கக் கூச்சப்படுவார்.

படி 1: எல்லையைச் சின்னதாக வையுங்கள்

பாளையங்கோட்டை முழுக்க என்று ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் நடந்து போய்விடக்கூடிய தூரம்தான் உங்கள் எல்லை. ஆனால் ஒரே தெருவோடும் நிறுத்த வேண்டாம். நம் பக்கம் தெரு என்றால் பல ஊரில் அது சாதியும்தான். ஒரு தெருவுக்குள் அடைத்தால் இன்னொரு சாதிச் சங்கம் ஆகிவிடும். ஒரே ரேஷன் கடைக்குப் போகிற இரண்டு மூன்று தெருக்களைச் சேர்த்து எடுங்கள்.

படி 2: வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் பழக்கமான ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, கூட்டிக்கொண்டு போங்கள். போனதும் நோட்டை விரிக்காதீர்கள். "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்றும் கேட்காதீர்கள். அதற்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா, நல்லாத்தான் இருக்கேன்." யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது நம் பெரியவர்களின் பெரிய வைராக்கியம். அதனால் காரியத்தைக் கேளுங்கள்.

"ஆச்சி, சிலிண்டர் யாரு மாட்டித் தாரா?"

"பால்காரப் பையன் மாட்டுவான்."

"அவன் வரலைன்னா?"

"வரலைன்னா ரெண்டு நாள் அவலை நனைச்சுச் சாப்பிட்டுக்கிடுவேன். ஒத்தக் கட்டைக்கு அது போதும்லா."

உங்களுக்கு வேண்டிய தகவல் இதோ வந்துவிட்டது. இதே மாதிரி, கடைசியாகக் கண் காட்டியது எப்போது, மாத்திரை வாங்கித் தருவது யார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம். வெளியே வந்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளைகளின் போன் எண், சாப்பிடும் மாத்திரை, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், மாற்றுச் சாவி யாரிடம். ஆதார் எண், வங்கிக் கணக்கு, நகை, நிலம் எதையும் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். எழுதி வைத்ததையும் அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

படி 3: ஆள் சேர்ப்பது

ஓய்வு பெற்ற வாத்தியார்கள், வீட்டிலிருந்தே பீடி சுற்றும் அக்காமார், காலேஜ் பையன்கள், பேப்பர் போடுபவர். யாராக இருந்தாலும் தெருவில் இரண்டு பேருக்காவது நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்தவர் தனியாகப் போகக் கூடாது.

பெரியவர்களையும் ஆள் கணக்கில் சேருங்கள். வங்கியில் வேலை பார்த்த தாத்தா கணக்கு நோட்டை எழுதட்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை ஆச்சி ஒரு மணி நேரம் முன்கூடமான தார்சாவில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அப்படிக் கொடுக்கிறவர்கள்தான் நாளைக்குக் கூச்சமில்லாமல் கேட்பார்கள். குழு ஓடுவதும் நிற்பதும் பெரும்பாலும் இந்தக் கூச்சத்தைப் பொறுத்ததுதான்.

படி 4: ஒரு போன், ஓர் அடையாளம்

பட்டன் போன் ஒன்று வாங்கி, வாரம் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழு தொண்டர்களுக்கு மட்டும். அதில் 'காலை வணக்கம்' படம் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனஸ்தாபம் வரும்.

காலை அடையாளம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் கோலம், இன்னொரு வீட்டில் பால் பாக்கெட் உள்ளே போயிருக்க வேண்டும். எட்டு மணிக்குள் அது நடக்காவிட்டால் முதலில் போன். எடுக்காவிட்டால் கதவைத் தட்டுங்கள். பதில் இல்லையா, பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு பேராக மாற்றுச் சாவியோடு உள்ளே போங்கள். விழுந்து கிடந்து, இடுப்போ காலோ வலிக்கிறது என்றால் அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். எலும்பு முறிந்திருந்தால் இன்னும் விலகிவிடும். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் கை வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

நம் பழைய வீடுகள் அழகுதான், ஆனால் வயதானவர்களை விழ வைப்பதற்கென்றே கட்டியது போல இருக்கும். தார்சாவிலிருந்து உள்கூடமான பட்டாசலுக்கு ஒரு படி, அங்கிருந்து அடுக்களைக்கு ஒரு படி, கழிவறை புறவாசலில். ராத்திரி இரண்டு மணிக்கு ஆச்சி போகும் வழியை நீங்களும் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே விளக்கு வேண்டும், எங்கே கைப்பிடி வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

கட்டிலில் இருந்தே எட்டும்படி ஒரு சுவிட்ச். வழியில் ராத்திரி விளக்கு. படிகளின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட். கழிவறைச் சுவரில் உறுதியாகப் பொருத்திய ஸ்டீல் கைப்பிடி. துணி காயப்போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. நடக்கிற வழியில் கிடக்கும் பாயைச் சுருட்டி வையுங்கள், அது பத்தமடைக் கோரைப்பாயாகவே இருந்தாலும்.

படி 6: செய்யக் கூடாதவை

ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் தொண்டர் கையில் வரவே கூடாது. கடைக்குப் போனால் பில்லும் மீதிச் சில்லறையும் அன்றைக்கே கொடுத்து நோட்டில் கையெழுத்து. ஊசி போடுவது, மாத்திரை அளவை மாற்றுவது நம் வேலை இல்லை. பத்திரம், உயில், பவர் என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், சாட்சிக் கையெழுத்துக்கூடப் போடாதீர்கள். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று பெரியவர் புகார் சொன்னால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வழி இருக்கிறது. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. மனு எழுதித் தரலாம், கூடப் போகலாம். சண்டைக்குப் போகக் கூடாது.

படி 7: ஏற்கெனவே இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. உங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரைத் தெரிந்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழைத் தபால்காரர் வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார், அதற்குச் சின்னக் கட்டணம் உண்டு.

படி 8: மழைக்கு முன்னால் ஒரு பட்டியல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்டும் போனும் போய்விட்டால் மேலே சொன்ன போன் ஏற்பாடு எதுவும் உதவாது. ஐப்பசிக்கு முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள்: யாரால் நடக்க முடியாது, யார் இன்சுலின் போடுகிறார்கள், யாரை எந்த மாடிவீட்டுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது. ஒரு வாரத்து மாத்திரையும், ரேஷன் கார்டும், மருத்துவச் சீட்டுகளும் பிளாஸ்டிக் கவரில் கட்டி உயரமான இடத்தில் இருக்கட்டும். மாடிவீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தொண்டர்கள் களைத்துப்போவார்கள், கல்யாணமாகிப் போவார்கள், வேலை கிடைத்துக் கிளம்புவார்கள். யாரையும் பிடித்து வைக்க வேண்டாம். போகிறவர் அடுத்து வருபவரை நேரில் கூட்டிப்போய், இன்னார் மகன் என்று சொல்லி, ஒரு காபி குடிக்கும் நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, மாற்றுச் சாவியை ஆச்சியின் கண்முன்னாலேயே கைமாற்றிக் கொடுக்க வேண்டும். புதியவரைப் பிடிக்கவில்லை என்று ஆச்சி சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள், காரணம் கேட்காதீர்கள்.