ஒரு குச்சி போதும்: தவசிக்கீரை வளர்ப்பு

அரைக்கீரை விதையை எறும்புக்குத் தானம் கொடுத்தே சலித்துப்போனவர்கள் தவசிக்கீரையிலிருந்து தொடங்குங்கள். இதற்கு விதையே வேண்டாம். ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் பறிக்கலாம்.

முதலில் சரியான செடிதானா என்று பாருங்கள். தவசி முருங்கை வேறு செடி. பெயர்க் குழப்பத்தில் நானே அதை வாங்கி வந்து ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். தவசிக்கீரை கீழாநெல்லியின் குடும்பம்தான். மெல்லிய கிளையின் இரு பக்கமும் இலைகள் மாறி மாறி வரிசையாக நிற்கும், இலைக்கு அடியில் சிவந்த சிறு பூக்கள் தொங்கும்.

அக்கம்பக்கத்தில் செடி இருந்தால் பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டாக அரை அடி நீளத்துக்குக் கேட்டு வாங்குங்கள். நுனித்தண்டு அழுகிவிடும். அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு நடுங்கள். தலைகீழாக நட்டுவிடாதீர்கள்; கணுவில் இலைக்காம்பு இருந்த தழும்புக்கு மேல்தான் மொட்டு இருக்கும்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு போதும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். இரண்டு வாரத்தில் துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நம்பி வெயிலுக்கு மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்தத் துளிர் தண்டில் இருக்கும் சத்தை உண்டு வந்தது. இன்னும் இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள். இழுத்துப் பார்க்கவும் கூடாது.

பிறகு தரைக்கோ 12 அங்குலத் தொட்டிக்கோ மாற்றலாம். அரைநிழலிலும் நன்றாக வளரும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனம் வராதுதான். கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக ஓடிக் கூரையைத் தொடும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். மூன்று, நான்கு மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். இலையை உருவாமல் கிளையோடு ஒடித்தால் அடுத்த துளிர் விரைவில் வரும்.

கேரளத்தில் இதற்கு மதுரச்சீரை என்று பெயர், லேசாக இனிக்கும். முட்டையோடு பொரியல், பாசிப்பருப்புக் கூட்டு இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் உடல் இளைப்பதற்காக இதன் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டுப்போனது. நாங்கள் வாரத்துக்கு ஒரு நாள், வேகவைத்து மட்டும் சாப்பிடுகிறோம். மிஞ்சுகிற குச்சிகள் கேட்டு வருகிறவர்களுக்கு.