சோலாரோடு ஒரு குட்டிக் காற்றாலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்கம்பம் இல்லாத இடத்துக்குக் கையோடு மின்சாரம் கொண்டுபோக நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். மடக்கும் சோலார் பேனல், ஒரு லித்தியம் பேட்டரி, வெயில் இல்லாத நாளுக்குக் கைகொடுக்கும் என்று ஒரு குட்டிக் காற்றாலை. மாட்டி முடித்ததும் படம் எடுத்து அனுப்பி, "சரியா இருக்கா?" என்று கேட்கிறார்கள். பாதிப் படங்களில் ஆரம்பக் காலத்தில் நானே செய்த கூத்துகள்தான் இருக்கும். பிளஸ் மைனஸை மாற்றாதீர்கள், பேனலில் தூசி சேர விடாதீர்கள் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன். தாளில் இல்லாதவையும், இருந்தும் யாரும் படிக்காதவையும் மட்டும் இங்கே.

காற்றாலையை சோலார் கண்ட்ரோலரில் மாட்டுவது

இதைத்தான் நீட்டி முழக்கப் போகிறேன். எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த படத்திலும் இதுவே வந்து நிற்கிறது, எரிச்சலாக இருக்கிறது.

அவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. பேனலும் டிசி, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் போட்டால் காற்றாலையும் டிசி. இரண்டுமே 12 வோல்ட் பேட்டரிக்குத்தான் போகின்றன. பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சோலார் கண்ட்ரோலரில் இடம் காலியாக இருக்கிறது, மாட்டினால் என்ன?

பேட்டரி நிறையும் வரை ஒன்றும் ஆகாது. சிக்கல் நிறைந்த பிறகுதான். சோலார் கண்ட்ரோலர் அப்போது பேனலிடமிருந்து மின்சாரம் வாங்குவதைக் குறைக்கும், கடைசியில் நிறுத்திவிடும். பேனலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். காற்றாலைக்கு அப்படி இல்லை. உள்ளே சுற்றும் காந்தங்கள் கம்பிச் சுருள்களைக் கடக்கும்போது மின்சாரம் ஓடினால்தான் அவற்றுக்கு எதிர்ப்பு இருக்கும். அதாவது, பேட்டரிக்குப் போகும் மின்சாரமே அதற்குப் பிரேக். அதை நிறுத்தினால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது சைக்கிள் செயின் கழன்ற கதைதான். காற்று தள்ளிக்கொண்டே இருக்கும், பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். பலத்த காற்றில் லோடு இல்லாமல், அதாவது மின்சாரத்தை இழுக்க எதுவும் இல்லாமல், சுற்றும் '12 வோல்ட்' காற்றாலை அதைப்போலப் பல மடங்கு வோல்டேஜைக் காட்டும். கண்ட்ரோலரின் வரம்பை அது தாண்டிய நொடியில் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

தெரிந்த ஒருவர் முகாம் போட்ட இடத்தில் இது நடந்தது. நல்ல வெயில், நண்பகலுக்குள் பேனல்களே பேட்டரியை நிரப்பிவிட்டன. பிற்பகலில் காற்று எழுந்தது. முதலில் சத்தம்தான் மாறியது. சீரான உறுமலாக இருந்தது மெல்ல மெல்ல ஊளையாகி, கம்பமே நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் கருகிய வாடை. அவர் ஓடிப்போய், எல்லோருக்கும் தோன்றுகிற வேலையைச் செய்தார்: கண்ட்ரோலரிலிருந்து காற்றாலை வயரைப் பிடுங்கினார். மிச்சமிருந்த கொஞ்ச லோடும் அதோடு போனது. இறக்கை ஒன்று முறிந்து கூடாரத்துக்கு மேலாகப் பறந்து புதருக்குள் விழுந்தது. யாருக்கும் அடி படவில்லை. விற்றவர் "எந்தக் கண்ட்ரோலரும் போதும்" என்று சொல்லியிருந்தாராம்.

கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தண்டைக் கையால் சுற்றுங்கள், லேசாகச் சுழலும். இப்போது வெளியே வரும் மூன்று வயர்களின் நுனிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். தண்டு சட்டென்று கனத்து, கையை எதிர்த்துத் தள்ளும். லோடு என்றால் என்ன, பிரேக் என்றால் என்ன என்று எந்தப் படத்தையும்விட இது தெளிவாகப் புரியவைக்கும். கம்பத்தைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அந்த மூன்று நுனிகளும் அப்படியே முறுக்கிக் கிடக்கட்டும்.

சரி, எப்படித்தான் மாட்டுவது? காற்றாலைக்கென்று தனியாக ஒரு டைவர்ஷன் கண்ட்ரோலர் வேண்டும். பேட்டரி நிறைந்ததும் அது காற்றாலையைத் துண்டிக்காது. மிஞ்சும் மின்சாரத்தை டம்ப் லோடு என்கிற பெரிய ரெசிஸ்டருக்குத் திருப்பிவிடும். ரெசிஸ்டர் சூடாகும், காற்றாலை கட்டுக்குள் இருக்கும். ரெசிஸ்டரின் அளவைச் சராசரி உற்பத்தியை வைத்துப் போடாதீர்கள், காற்றாலை அதிகபட்சம் எவ்வளவு தருமோ அதற்குப் போடுங்கள். 14.4 வோல்ட்டில் 300 வாட் என்றால் சுமார் 21 ஆம்பியர், கிட்டத்தட்ட 0.7 ஓம் ரெசிஸ்டர், அதுவும் 300 வாட்டை மணிக்கணக்கில் தாங்கக்கூடியது. கையில் கிடைத்த பழைய கார் பல்பை டம்ப் லோடாகப் போடுகிறவர்கள் உண்டு. பல்பின் இழை அறுந்தால் பிரேக்கும் அறுந்தது. அப்புறம், ரெசிஸ்டரைப் பேட்டரிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், தீப்பிடிக்காத பலகைமேல் இருக்கட்டும்.

லித்தியம் பேட்டரியில் இன்னொரு பொறி இருக்கிறது. எதுவோ ஒரு செல் வரம்பைத் தொட்டால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) பேட்டரியையே துண்டித்துவிடும். நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஒரு செல்லின் வரம்பு பொதுவாக 3.65 வோல்ட், மொத்தத்தில் 14.6. பேட்டரி காணாமல் போன அந்தக் கணத்தில் காற்றாலையின் வோல்டேஜ் எகிறும், கண்ட்ரோலர் சுதாரிக்க நேரம் இருக்காது. அதனால் டைவர்ஷனை 14 வோல்ட்டை ஒட்டியே வைத்துவிடுங்கள். பி.எம்.எஸ். தலையிடவே வேண்டியிருக்கக் கூடாது.

கடைசியாக நிறுத்தும் சுவிட்ச். மூன்று வயர்களையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்யும் சுவிட்ச்தான் அது. புயல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, காற்று இன்னும் மிதமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். முழு வேகத்தில் சுற்றும்போது போட்டால் நிற்காமலும் போகலாம், சுருள் கருகவும் செய்யலாம். வரிசையும் முக்கியம்: முதலில் பிரேக், பிறகுதான் பேட்டரியிலிருந்து கழற்றுவது.

பெட்டியில் எழுதிய வாட்டை நம்புவது

காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி ஏறும் (வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு), அதேபோல இறங்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் அதன் வட்டத்தைக் கடக்கும் மொத்த ஆற்றலே சுமார் 830 வாட். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இலேயே காட்டிவிட்டார். நல்ல சிறிய காற்றாலை 30 சதவீதம் எடுத்தால் 250 வாட் கிடைக்கும். நொடிக்கு 12 மீட்டர் என்பது மணிக்கு 43 கிலோமீட்டர். அந்தக் காற்றில் கூடாரம் நிற்பதே பெரிய விஷயம். வழக்கமாக வீசும் நொடிக்கு 4 மீட்டர் காற்றில் அதே காற்றாலை தருவது 9 வாட். அதே அளவு காற்றாலையில் '1000 வாட்' என்று எழுதியிருந்தால், நொடிக்கு 12 மீட்டர் காற்றில் இருப்பதையே தாண்டிய கணக்கு அது. வாட்டைப் பார்க்காதீர்கள். இறக்கையின் விட்டத்தை அளந்து பாருங்கள், எந்த வேகத்தில் சொன்ன வாட் என்று கேளுங்கள்.

கூரைமேல், வண்டிமேல் காற்றாலை

தடைகளை உரசி வரும் காற்று சுழித்துக்கொண்டு வரும். காற்றாலை திசை தேடி அலையுமே தவிர மின்சாரம் தராது, அதிர்வுதான் இரவெல்லாம் தலைக்குள் இறங்கும். சுற்றிலும் சுமார் 100 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட 9 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எடுத்துச்செல்லும் அமைப்பில் அவ்வளவு உயரம் பெரும்பாலும் நடக்காது. எனவே திறந்தவெளியோ கடற்கரையோ மலைமுகடோ இல்லை என்றால், காற்றாலைக்கு வைத்த பணத்தில் இன்னொரு பேனல் வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

இன்வெர்ட்டருக்கு மெல்லிய வயர்

1000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். போகவர 3 மீட்டர் நீளத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், வயரிலேயே 70 வாட் வெப்பமாகப் போகும். வயரின் மேலுறை இளகுவதைக் கையால் தொட்டே உணரலாம். 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 17 வாட்டுக்கு இறங்கிவிடும். அதைவிட நல்லது, இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, தூரத்துக்கு ஏசியைக் கொண்டுபோவது. ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அது காப்பது வயரை, இன்வெர்ட்டரை அல்ல.

வீட்டு ஏசி பிரேக்கரை டிசியில் போடுவது

வேண்டாம். டிசியில் எழும் தீப்பொறி ஏசியில் போலத் தானாக அணையாது.

கண்ட்ரோலரில் பேனலை முதலில் மாட்டுவது

மாட்டும்போது பேட்டரி முதலில். கழற்றும்போது பேனல் முதலில்.

குளிரை மறப்பது

வெயிலில் பேனல் சோர்ந்துபோவது எல்லோருக்கும் தெரியும். குளிரில் அதன் வோல்டேஜ் ஏறுவது பலருக்குத் தெரியாது; ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.3 சதவீதம். லேபிளில் இருக்கும் எண் 25 டிகிரிக்கானது. 24 வோல்ட் திறந்த வோல்டேஜ் (எதிலும் மாட்டாதபோது காட்டும் வோல்டேஜ்) உள்ள மூன்று பேனல்களைத் தொடராக இணைத்தால் 72. 75 வோல்ட் வரம்புள்ள கண்ட்ரோலருக்கு அது சரி என்றுதான் தோன்றும். உறைபனி விழுந்த காலையில் அதே மூன்றும் 77 காட்டும்.

அதே காலையில் லித்தியம் பேட்டரியையும் கவனியுங்கள். செல் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், போன கொள்ளளவு திரும்பாது.

இன்வெர்ட்டரை அணைக்காமல் தூங்குவது

சும்மா நின்றாலே பல இன்வெர்ட்டர்கள் 10 முதல் 20 வாட் தின்னும். ஒரு நாளைக்கு 240 முதல் 480 வாட்-மணி. 100 வாட் பேனல் ஒரு நல்ல நாளில் தருவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கம்பத்தின் நிழல்

காற்றாலையும் பேனலும் சேர்த்து வைப்பவர்களுக்கே உரிய தவறு இது. பேனலில் செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால், கம்பமோ இழுவைக்கயிறோ ஒரு ஓரத்தில் விழுத்தும் மெல்லிய நிழல்கூட பேனலின் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடும். காலையில் சரியாக இருந்த இடம் மதியம் சரியாக இருக்காது. பேனலைக் கம்பத்திலிருந்து தள்ளி, சூரியன் இருக்கும் பக்கமாக வையுங்கள். கேபிள் நீளம் போதவில்லை என்றால் பேனல் பக்கக் கேபிளை நீட்டலாம். அங்கே வோல்டேஜ் அதிகம், ஆம்பியர் குறைவு. பேட்டரிப் பக்கத்தை நீட்டுவதைவிட இழப்பு குறைவுதான்.