பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு குரூப் முடிவு செய்ய சைக்காலஜி டெஸ்டை எப்படிப் பயன்படுத்துவது

ரிசல்ட் வந்து, விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு டெஸ்ட் வச்சு எந்த குரூப்னு சொல்லிடுங்க" என்று கேட்டால் எந்த டெஸ்டாலும் பதில் சொல்ல முடியாது. அரையாண்டு விடுமுறையிலேயே, முடிந்தால் ஒன்பதாவதிலேயே, நிதானமாக ஆரம்பியுங்கள். ஆர்வத்தை அளக்கும் டெஸ்ட் வேறு, திறனை அளக்கும் டெஸ்ட் வேறு, சுபாவத்தை அளப்பது இன்னும் வேறு. மூன்றையும் கலக்கி "உங்கள் பிள்ளைக்கு ஏற்ற படிப்பு இதுதான்" என்று ஒரே வரியில் முடிக்கும் ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளையின் திறனைச் சொல்கிறோம் என்பவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது (ஜோசியரிடம் போனால் செலவாவது குறையும்).

ஆர்வத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதர்களின் தொழில் ஆர்வத்தை ஆறாகப் பிரித்தார்: கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, முன்நின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது. இதை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறை 'ஓநெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர்' என்று ஒன்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதன் சுருக்க வடிவில் 60 வேலைகள் வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கும் என்று குறித்தால் போதும், சம்பளம், படிப்பு எதையும் யோசிக்கக் கூடாது.

நம் ஊரில் சிக்கல் வருவது இங்கேதான். செங்கல் அடுக்குவது, சமையலறை அலமாரி செய்வது என்றெல்லாம் கேள்வி வரும்போது, வீட்டில் பழைய மிக்ஸியைக் கழற்றி மாட்டுகிற பையன்கூட "அது கொத்தனார் வேலை" என்று நினைத்து 'பிடிக்காது' போட்டுவிடுவான். 'கையால் செய்வது' பிரிவில் மதிப்பெண் சரிந்துவிடும், நீங்களும் அவனுக்கு இயந்திரங்களில் ஆர்வமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் அந்தக் கேள்விகளைத் தமிழில் விளக்கி, "கூலி, கௌரவத்தை விடு, செய்யப் பிடிக்குமா?" என்று கேட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். விளக்கியதும் நகர்ந்துவிடுங்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் 'மருந்து கண்டுபிடிப்பது' எப்போதும் மிகவும் பிடித்ததாகத்தான் வரும். சில வாரம் கழித்து இன்னொரு முறை எழுதச் சொல்லி, இரண்டு முறையும் மேலே நின்ற பிரிவுகளை மட்டும் நம்புங்கள். ஆறும் ஏறக்குறைய சமமாக வந்தால், பிள்ளை இன்னும் உலகத்தை அதிகம் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் வேலை செய்யும் இரண்டு மூன்று இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் திறன். சிபிஎஸ்இயும் என்சிஇஆர்டியும் சேர்ந்து 9, 10ஆம் வகுப்புக்காக 'தமன்னா' என்று ஒரு தேர்வு உருவாக்கியிருக்கின்றன. மொழி, எண், இடவுணர்வு (வடிவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது), இயந்திரம் உள்பட ஏழு திறன்களைப் பார்க்கும், பாஸ் ஃபெயில் இல்லை. எந்தத் திறன் தேர்வானாலும் ரிப்போர்ட்டில் பெர்சன்டைல் என்று போட்டிருந்தால் அது மார்க் அல்ல. 60 பெர்சன்டைல் என்றால் ஒப்பிட்ட நூறு பேரில் சுமார் 60 பேரைவிட மேலே என்று அர்த்தம், நூற்றுக்கு அறுபது வாங்கினான் என்று திட்டாதீர்கள். தமிழ்வழிப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மொழி சார்ந்த பகுதியைத் தள்ளிவைத்துவிடுங்கள், அது பெரும்பாலும் ஆங்கிலத்தைத்தான் அளந்திருக்கும்.

ஆளுமைத் தேர்வை வைத்து குரூப் எடுக்காதீர்கள். மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் எம்பிடிஐ போன்றவற்றில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே வகையை மாற்றிவிடும், அடுத்த மாதம் எழுதினால் வேறு வகை வரலாம். வகை பிரிக்காமல் ஐந்து குணங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்கும் 'பிக் ஃபைவ்' கொஞ்சம் நம்பகமானது, அதிலும் பொறுப்பு, ஒழுங்கைக் காட்டும் மதிப்பெண்ணுக்கும் படிப்புக்கும் நல்ல தொடர்பு உண்டு. அந்த மதிப்பெண் குறைவாக வந்தால் பிள்ளை எதற்கும் லாயக்கில்லை என்று ஆகாது. பெரிய பாடத்தைச் சிறிதாக உடைத்து, வாரம் ஒரு தேதி வைத்துக் கேட்க வேண்டும் என்று புரிந்துகொண்டால் போதும். கூச்ச சுபாவம் என்று வந்ததற்காக சட்டப் படிப்பைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.

பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டெஸ்டை நிறுத்திவிட்டு மனநல உதவியை நாடுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் இரண்டு முறையும் வந்த ஆர்வங்கள், திறன் தேர்வில் மற்றவற்றைவிட ஓங்கி நின்றவை, எட்டாவதிலிருந்து பாடவாரியான மார்க் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு இடத்திலாவது ஒத்துப்போவதை மட்டும் வட்டமிட்டு, அதற்குப் போக எந்த குரூப் கதவு திறந்திருக்கிறது என்று பாருங்கள்: பொறியியல், கட்டடக்கலை இரண்டுக்கும் கணிதம் வேண்டும், சிஏவுக்கும் சட்டத்துக்கும் எந்த குரூப்பும் சரி. இரண்டு குரூப்புக்கு நடுவில் ஊசலாடினால் கணிதம் உள்ளதை எடுப்பது பாதுகாப்பு, பின்னால் வணிகவியலுக்கு மாறலாம். ஆனால் எட்டாவதிலிருந்தே கணக்கில் திணறுகிற பிள்ளைக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.