பிழை நாணயமா, அடிபட்ட நாணயமா?

சில்லறையில் விசித்திரமான காசு ஒன்று கிடைத்ததுமே பிழை நாணயம், அதாவது நாணயச்சாலையிலேயே தவறாகத் தயாராகி சேகரிப்பாளர்கள் தேடும் காசு, என்று குதிக்க வேண்டாம். கீறல், நசுங்கல், யாரோ அரத்தால் ராவியது எல்லாம் நாணயச்சாலையை விட்டு வந்தபிறகு பட்ட அடி, அதற்கு மதிப்பு கிடையாது.

ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு குறைகிறதா? வெட்டுப்பட்ட இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மழுங்கி, பக்கத்து எழுத்துகளும் மங்கலாக இருந்தால் அசல் பிழையாக இருக்க நிறைய வாய்ப்பு, ஏனென்றால் வெறும் வில்லைக்கு, அதாவது இன்னும் உருவம் அடிக்காத உலோகத் தட்டுக்கு, விளிம்பு எழுப்பும்போது இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால் அந்தப் பக்கத்தில் அழுத்தம் சரியாக விழுந்திருக்காது. எல்லாக் காசிலும் இது தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்து இரட்டையாகத் தெரியும் காசைப் பார்க்க 10 மடங்கு லென்ஸ் போதும். காசை அடிக்கும் அச்சிலேயே உருவம் இரட்டித்திருந்தால் இரண்டு உருவமும் உருண்டு மேலெழும்பி நிற்கும், எழுத்தின் முனை பிளந்திருக்கும். 1955ஆம் ஆண்டின் பிரபலமான அமெரிக்க ஒரு சென்ட் இந்த வகைதான். படிக்கட்டு மாதிரி தட்டையாக ஒரு நிழல் மட்டும் என்றால் அடிக்கும்போது அச்சு லேசாக அசைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மையம் விலகி அடித்த காசில் ஆண்டு தெரிகிறதை எடுங்கள், விலை அதற்குத்தான். அப்புறம் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று கையில் இருக்கட்டும், வேறு உலோக வில்லையில் அடித்ததை எடை உடனே காட்டிக்கொடுக்கும்.

தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்.